கணிப்பொறி விழித்தெழும் விதம்

கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். சிறு விளக்கு ஒன்று ஒளிர்கிறது. விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. திரையில் ஒரு சின்னம் தோன்றி மறைகிறது. அரை நிமிடத்தில் பொறி நம் ஏவலுக்குக் காத்து நிற்கிறது. அந்த அரை நிமிடத்தை நாம் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. அதற்குள் வேறு ஏதேனும் ஒரு வேலையைக் கவனிக்கிறோம். ஆனால் கணிப்பொறிக்கு அதைவிடச் சுறுசுறுப்பான நேரமும் இல்லை, அதைவிட இக்கட்டான நேரமும் இல்லை. தன்னோடு எவையெவை இணைந்திருக்கின்றன என்பதைக்கூட முழுதும் அறியாத நிலையில் அது கண் விழிக்கிறது. ஒவ்வோர் உறுப்பையும் பெயர் கேட்டறிந்து, அதனதற்கு உரிய பணியாளைத் தேடிப் பிடித்து, முறைப்படி அமர்த்திய பின்னரே அது நம் முன் நிற்கிறது. இச்செயல் எவ்வாறு நிகழ்கிறது, இதில் பொதிந்துள்ள அறிவு யாது, ஆபத்து யாது என்பனவற்றையே இப்பேச்சில் கூற விரும்புகிறேன்.

முதலில், பணியாள் என்று நான் குறிப்பிட்டது யாரை? கணிப்பொறியில் விசைப்பலகை, திரை, வட்டு, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை எனப் பல உறுப்புகள் உள்ளன. இவை பல நாடுகளில், பல நிறுவனங்களில் செய்யப்படுவன. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு அட்டைகள்கூட ஒரே விதமாக ஏவப்படுவதில்லை. ஓர் அட்டைக்கு இன்ன அறையில் இன்ன எண்ணை எழுதினால்தான் செய்தியை அனுப்பும். மற்றோர் அட்டைக்கு அறையும் வேறு, எண்ணும் வேறு. இயக்க முறைமையோ, "இந்தச் செய்தியை வெளியே அனுப்பு" என்ற ஒரே கட்டளையைத்தான் அறியும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பொதுக் கட்டளையை அட்டையின் தனி மொழியில் பெயர்த்துச் சொல்லும் சிறு நிரலையே சாதன இயக்கி என்கிறோம். டிரைவர் என்று வழக்கில் சொல்வதும் அதனையே.

நம் நாட்டு வரலாற்றைப் படித்தவர்கள் துபாஷி என்ற சொல்லை அறிவார்கள். இரண்டு மொழிகளை அறிந்தவர் என்பது அதன் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை அறியாத மாணவர் இருக்க முடியாது. துபாஷி இல்லாத இடத்தில் கடல் கடந்து வந்த வணிகரும் இருப்பார், உள்ளூர் நெசவாளரும் இருப்பார்; வாணிகம் மட்டும் நடவாது. அதுபோலவே, உரிய இயக்கி இல்லாவிடின் எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் கணிப்பொறிக்குள் ஊமையாகக் கிடக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. "ஐயா, எல்லா இயக்கிகளையும் இயக்க முறைமைக்குள்ளேயே முன்கூட்டி வைத்துவிட்டால் என்ன? தேடுவானேன், ஏற்றுவானேன்?" என்று அவர் வினவினார். நல்ல கேள்வி. உண்மையில் தொடக்கக் காலத்தில் அவ்வாறுதான் செய்தார்கள். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்ற இயக்க முறைமையின் கருவை எழுதி வெளியிட்டபோது, அதற்கு வேண்டிய இயக்கிகள் யாவும் கருவோடு கருவாகவே பின்னப்பட்டிருந்தன. கருவிலே இல்லாத ஒரு சாதனத்தை வாங்கிவிட்டால், கரு முழுவதையும் மீண்டும் தொகுத்துக் கட்ட வேண்டும். சாதனங்கள் ஒரு சிலவாக இருந்தவரை இம்முறை போதியதாயிற்று. இன்றோ அந்தக் கருவின் மூல நிரல் மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி இயக்கிகளே. உங்கள் மேசைமேல் உள்ள ஒரு கணிப்பொறிக்கு அவற்றுள் மிகச் சிலவே தேவைப்படும். தேவையற்ற ஆயிரக்கணக்கான இயக்கிகளை நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பது, ஒரு விருந்தினருக்காக ஊர் முழுவதற்கும் உலை வைப்பதைப் போன்றது.

ஆதலின் இயக்கிகளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து வட்டிலே வைத்துவிட்டு, வேண்டியபோது வேண்டியதை மட்டும் கருவோடு சேர்த்துக்கொள்ளும் முறை தோன்றியது. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸின் 1.2 பதிப்பில் இம்முறை இடம்பெற்றிருந்தது. ஆனால் தீர்வு ஒன்று தோன்றும்போதே புதிய வினா ஒன்றும் உடன் தோன்றுவது அறிவியலின் இயல்பு. எந்தக் கூறு வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? எப்போது ஏற்றுவது? எந்த வரிசையில் ஏற்றுவது?

முதலில் மனிதன்தான் தீர்மானித்தான். 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த டாஸ் 2.0 பதிப்பில் 'கான்ஃபிக்.சிஸ்' என்ற சிறு கோப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு வரிக்கு ஓர் இயக்கியாகப் பெயர்களை எழுதி வைப்போம். பொறி தொடங்கும்போது அக்கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, எழுதியபடியே ஒவ்வொன்றாக ஏற்றும். கேள்வி கேட்காது, ஆராயாது. இல்லாத சாதனத்தின் பெயரை எழுதினாலும் அதன் இயக்கியை ஏற்ற முயலும். இருக்கும் சாதனத்தின் பெயரை விட்டுவிட்டால் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸிலும் 'மாட்யூல்ஸ்' என்று பெயரிட்ட பட்டியல் ஒன்று இருந்தது. ஏற்ற வேண்டிய கூறுகளின் பெயர்களை அதில் எழுதிவைப்பார்கள்.

அக்காலத்தில் ஓர் ஒலி அட்டையைப் பொருத்துவது எத்துணைப் பாடு என்பதை நான் நன்கு அறிவேன். கணிப்பொறியின் மையச் செயலியைச் சாதனங்கள் கூப்பிடுவதற்கென்று எண்ணிட்ட கம்பிகள் இருந்தன. அவற்றை அழைப்புமணிக் கம்பிகள் எனலாம். 1984-இல் வந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் 'ஏ.டி.' கணிப்பொறியில் இவ்வகையான கம்பிகள் பதினைந்துதாம் பயன்பட்டன. அவற்றுள்ளும் கடிகாரம், விசைப்பலகை, வட்டு ஆகியவை பற்றியவை போக, எஞ்சியவை சில. ஒலி அட்டையின்மேல் உள்ள ஜம்பர் என்னும் சிறு துண்டைக் குறடால் பிடுங்கி, வேறு ஊசிகளில் செருகி, அதற்குரிய கம்பியின் எண்ணைக் குறித்தல் வேண்டும். பின்னர் அதே எண்ணை இயக்கிக்கும் எழுதிக் காட்டுதல் வேண்டும். ஏழாம் எண் வழக்கமாக அச்சுப்பொறிக்கு உரியது. ஒலி அட்டையும் அதையே பற்றினால், மணி அடித்தது யார் என்று அறியாமல் இயக்க முறைமை திகைக்கும். பாட்டு ஒருபுறம் விக்கும். அச்சு மறுபுறம் நிற்கும்.

இத்தொல்லைக்கு மருந்து யாது? மனிதனை இடையிலிருந்து விலக்கிவிட்டு, சாதனமே தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும்படி செய்வதுதான். 1992-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பி.சி.ஐ. என்ற இணைப்புமுறையும், 1996-இல் வெளிவந்த யூ.எஸ்.பி. என்ற இணைப்புமுறையும் இதனை இயல்பாக்கின. இவ்விரண்டும் செயற்படும் விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் நம் பொருளின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

பி.சி.ஐ. முறையில் கணிப்பொறிக்குள் 256 தெருக்கள் வரை இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தெருவிலும் 32 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் 8 அறைகள். ஆக 65,536 முகவரிகள். பொறி விழித்தவுடன், இம்முகவரிகளை ஒழுங்காக நாடி, "இங்கே யார்?" என்று கேட்கிறது. ஆள் இல்லாத முகவரியிலிருந்து எல்லா இலக்கங்களும் ஒன்றாகவே அமைந்த ஒரு வெற்றெண் திரும்பி வரும். ஆள் இருந்தால் இரண்டு எண்கள் வரும். ஒன்று, செய்த நிறுவனத்தின் எண். மற்றொன்று, அந்நிறுவனம் அச்சாதனத்திற்கு இட்ட எண். நிறுவன எண்கள் ஒன்றோடொன்று மோதாதபடி ஒரு பொது அமைப்பு அவற்றை வழங்கி வருகிறது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. பதினாறின் அடிமான எண் முறையில் எழுதப்பெறும் இவ்வெண், 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயருமாகும். பொறியியலாரிடத்தும் நகைச்சுவை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

யூ.எஸ்.பி. முறை இன்னும் சுவையானது. அதில் நாம் பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனத்தைச் செருகலாம். செருகியது பொறிக்கு எப்படித் தெரிகிறது? சாதனத்தினுள்ளே 1.5 கிலோ ஓம் அளவுள்ள ஒரு மின்தடை இருக்கிறது. அது செய்திக் கம்பிகள் இரண்டனுள் ஒன்றின் மின்னழுத்தத்தை மேலே தூக்குகிறது. அதுவே கதவைத் தட்டும் ஓசை. எந்தக் கம்பி தூக்கப்பட்டது என்பதைக் கொண்டு, வந்திருப்பவர் மெல்லப் பேசுபவரா, விரைந்து பேசுபவரா என்பதையும் பொறி அறிந்துகொள்கிறது. புதிதாக வந்தவருக்கு முதலில் முகவரி இல்லை. அவர் சுழியம் என்ற பொது முகவரியில் நிற்பார். பொறி அவருக்கு 1 முதல் 127 வரை உள்ள எண்களுள் ஒன்றை வழங்கி, "நீர் யார்?" என்று கேட்கும். சாதனம் 18 பைட்டு நீளமுள்ள ஒரு சிறு குறிப்பை நீட்டும். அதில் செய்த நிறுவனத்தின் எண்ணும், சாதனத்தின் எண்ணும் இருக்கும். பொறி மேலும் கேட்டால், அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதையும் சாதனம் சொல்லும். விசைப்பலகையும் சுட்டெலியும் மூன்றாம் இனம்; கோப்புகளைச் சேமிக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி எட்டாம் இனம். இந்த இனப் பிரிவினால் பெரும் பயன் உண்டு. நேற்றுத்தான் தொடங்கிய ஒரு நிறுவனம் செய்த விசைப்பலகையாயினும், மூன்றாம் இனம் என்று அது சொல்லிவிட்டால் போதும். ஏற்கெனவே உள்ள பொது இயக்கியே அதை ஏற்று நடத்திவிடும்.

பெயர் கேட்டாயிற்று, இனிப் பணியாளைத் தேட வேண்டும். லினக்ஸில் இது நடக்கும் விதம் மிகத் தெளிவானது. ஒவ்வோர் இயக்கியும் தான் எந்த எந்த எண்ணுடைய சாதனங்களை நடத்த வல்லது என்ற அட்டவணையைத் தன்னுள்ளேயே பொறித்து வைத்திருக்கிறது. 'டெப்மாட்' என்ற நிரல் எல்லா இயக்கிகளின் அட்டவணைகளையும் முன்கூட்டியே படித்து, ஒரே பேரேடாகத் தொகுத்து வைக்கிறது. எந்த இயக்கி வேறு எந்த இயக்கியைச் சார்ந்து நிற்கிறது என்பதையும் அது குறித்து வைக்கிறது. கரு ஒரு புதிய சாதனத்தைக் கண்டதும், "இன்ன எண்ணுடையவர் வந்திருக்கிறார்" என்று பறையறைகிறது. அப்பறையைக் கேட்பதற்கென்றே 'யூடெவ்' என்ற நிரல் காத்திருக்கிறது. அது பேரேட்டைப் புரட்டி, பொருந்தும் இயக்கியைக் கண்டு, ஏற்றுவிக்கிறது. ஏற்றும்போது வரிசை தவறுவதில்லை. கட்டைவிரல் கருவிக்கு உரிய இயக்கியை ஏற்றுவதற்கு முன், அது சார்ந்து நிற்கும் யூ.எஸ்.பி. அடிப்படைக் கூறும், வட்டுகளை நடத்தும் பொதுக் கூறும் ஏற்றப்படும். அடித்தளம் இன்றி மாடி எழும்பாதன்றோ?

இவ்வொழுங்கு ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. 1996-இல் வந்த 2.0 பதிப்பில் கருவுக்கு வெளியே ஒரு தனி நிரல் இவ்வேலையைச் செய்தது. 1999-இல் வந்த 2.2 பதிப்பில் கருவே அப்பொறுப்பை எடுத்துக்கொண்டது. யூடெவ் தோன்றியது 2003-ஆம் ஆண்டில். மற்றோர் இயக்க முறைமையான விண்டோஸ், 1995-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே 'செருகினால் ஓடும்' என்ற உறுதிமொழியோடு வந்தது. உறுதிமொழி எளிது, நிறைவேற்றம் அரிது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிக்காகோ நகரில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐப் பெருங்கூட்டத்தின் முன் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவர் பில் கேட்ஸ் மேடையில் நின்றிருந்தார். உருவருடியைச் செருகினால் அதற்கு உரிய இயக்கி தானே ஏறும் என்று சொல்லிச் செருகினார்கள். ஏறிய கணத்தில் பொறி நின்றுவிட்டது. திரை முழுவதும் நீலநிறப் பிழையறிவிப்புத் தோன்றியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. தானே இயங்குவது என்று நாம் எளிதாகக் கூறிவிடும் ஒன்றன் பின்னே எவ்வளவு உழைப்பும் சோதனையும் வேண்டும் என்பதை அந்த ஒரு கணம் உலகுக்கு உணர்த்திற்று.

இனி, இப்பொருளில் உள்ள மிகச் சுவையான ஒரு புதிருக்கு வருகிறேன். இயக்கிகள் யாவும் வட்டிலே இருக்கின்றன என்று கூறினேன். வட்டைப் படிப்பதற்கு வட்டின் இயக்கி வேண்டும். அந்த இயக்கியும் வட்டில்தான் இருக்கிறது! பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டவன் கதையாக இருக்கிறதே! இச்சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்?

நெடும்பயணம் புறப்படும் நம் பாட்டனார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார். சத்திரம் வந்து சேரும்வரை அது தாங்கும். சேர்ந்த பின் சத்திரத்துச் சமையல் இருக்கிறது. லினக்ஸ் செய்வதும் இதுவே. விசையை அழுத்தியவுடன் முதலில் எழுவது தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்துள்ள சிறு நிரல். வட்டின் ஒரு மூலையைப் படிக்கும் அளவிற்கே அதற்குத் திறமை உண்டு. அது தொடக்க ஏற்றி என்ற நிரலை எழுப்ப, அந்த ஏற்றி இயக்க முறைமையின் கருவையும், அதனோடு ஒரு சிறு பொட்டலத்தையும் நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அப்பொட்டலத்துக்கு 'இனிட்ராம் எஃப்.எஸ்.' என்று பெயர். வட்டை நடத்தத் தேவையான இயக்கிகள் சிலவும், அவற்றை ஏற்றும் நிரல்களும் அதில் இருக்கும். கரு அப்பொட்டலத்தைப் பிரித்து, வட்டின் இயக்கியை ஏற்றி, வட்டைத் திறக்கிறது. திறந்ததும் பொட்டலத்தை விட்டுவிட்டு, வட்டிலுள்ள முழுக் குடித்தனத்திற்கு மாறிவிடுகிறது. விண்டோஸ் இதே புதிரை வேறு விதமாகத் தீர்க்கிறது. அங்கே ஒவ்வோர் இயக்கிக்கும் 0 முதல் 4 வரை ஒரு தொடக்க எண் உண்டு. சுழியம் பெற்றவற்றைத் தொடக்க ஏற்றியே கருவுடன் சேர்த்து நினைவகத்தில் கொண்டுவந்துவிடும். ஒன்று, கரு எழும்போது ஏறுவது. இரண்டு, அதன் பின்னர்த் தானே ஏறுவது. மூன்று, தேவைப்படும்போது ஏறுவது. நான்கு, ஏற்றவே கூடாதது. இவ்வெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

எல்லாச் சாதனங்களும் தம் பெயரைச் சொல்லுமா என்றால், சொல்லா. இரண்டே கம்பிகளில் இணைக்கப்பெறும் வெப்பமானி போன்ற சிறு உணர்கருவிகளுக்குத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கம் இல்லை. கல்லூரி மாணவர் பலர் இன்று ஆய்வுக்குப் பயன்படுத்தும் ராஸ்பெரி பை என்ற சிறிய கணிப்பொறி 2012-இல் வெளிவந்தது. அத்தகைய பொறிகளில் எந்த உறுப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்பதைச் சாதன மரம் என்ற விவரக் கோப்பில் மனிதனே எழுதித் தொடக்கத்தில் கருவிடம் கொடுக்கிறான். கேட்டால் சொல்பவரிடம் கேட்டு அறிதல். சொல்லாதவரைப் பற்றி முன்கூட்டி எழுதி வைத்தல். இவ்விரண்டும் சேர்ந்தே இன்றைய முறை. ஆகவே பழைய பட்டியலும் மறைந்துவிடவில்லை. தானே கண்டறிய முடியாத கூறுகளைப் பெயர் சொல்லி ஏற்றுவதற்கு ஒரு பட்டியலும், தானே ஏறிவிடும் கூறு ஒன்று தொல்லை தந்தால் அதைத் தடுத்து நிறுத்துவதற்கு மற்றொரு பட்டியலும் லினக்ஸில் இன்றும் உண்டு.

இதுவரை வசதியைப் பற்றிப் பேசினோம். இனி ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டும். இயக்கி என்பது சாதாரண நிரல் அன்று. நீங்கள் கட்டுரை எழுதும் நிரலில் பிழை நேர்ந்தால் அந்நிரல் மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இயக்கியோ பெரும்பாலும் கருவின் உள்ளேயே, கருவுக்கு உள்ள அதே அதிகாரத்தோடு இயங்குவது. அதில் நேரும் ஒரு பிழை பொறி முழுவதையும் நிறுத்திவிடும். அது தீய எண்ணத்தோடு எழுதப்பட்டதாயின், வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதனால்தான் தகுதியுள்ளவர் எழுதிய இயக்கி என்பதற்கு மின்கையொப்பம் வேண்டும் என்ற விதி வந்தது. விண்டோஸ் விஸ்டாவின் 64-பிட் பதிப்பு, கையொப்பம் இல்லாத இயக்கியைக் கருவுக்குள் அனுமதிக்க மறுத்தது. ஆயினும் கையொப்பத்திற்கு உரிய சாவியே களவு போனால்? 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அதைத்தான் செய்தது. தைவானில் உள்ள இரண்டு நிறுவனங்களுக்கு உரிய கையொப்பங்களைக் களவாகப் பயன்படுத்தி, அது தன் இயக்கிகளை முறையானவைபோல் காட்டியது. பொறி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கும்படி தன்னைப் பதிவு செய்துகொண்டது. ஈரான் நாட்டின் நத்தான்ஸ் அணு நிலையத்தில் இருந்த சுழற்பொறிகளைக் கெடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது.

தீய எண்ணம் இல்லாமலும் கேடு விளையக்கூடும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்திற்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு விவரக் கோப்பைப் புதிதாக அனுப்பியது. அம்மென்பொருள் விண்டோஸ் கருவுக்குள் இயக்கியாக இயங்குவது. தீநிரல்கள் எழுமுன் தான் எழுந்துவிட வேண்டும் என்பதற்காக, பொறி தொடங்கும்போதே ஏறும்படி அமைக்கப்பெற்றது. புதிய விவரம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. இயக்கி வழங்கியதோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, இயக்கி தனக்கு உரிமையற்ற நினைவக இடத்தில் கை வைத்தது. கரு அக்கணமே பொறியை நிறுத்திவிட்டது. பிழையை உணர்ந்த நிறுவனம் 78 நிமிடங்களில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. மருத்துவமனைகள் தடுமாறின, வங்கிகள் தடுமாறின, ஆயிரக்கணக்கான விமானப் பயணங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு விமானம் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிழையான கோப்பைத் திரும்பப் பெற்ற பிறகும் விழுந்த பொறிகள் ஏன் எழவில்லை? காரணம், நாம் இதுவரை பேசிவந்த அந்த அரை நிமிடமே. பொறி எழுகிறது, கடமை தவறாத இயக்கி தொடக்கத்திலேயே ஏறுகிறது, பிழையான கோப்பைப் படிக்கிறது, பொறி விழுகிறது. மீண்டும் எழுகிறது, மீண்டும் விழுகிறது. வலையமைப்பை அடைந்து திருத்திய கோப்பைப் பெறுவதற்குள்ளேயே பெரும்பாலான பொறிகள் விழுந்துவிட்டன. தொலைவில் இருந்து உதவ வழியில்லை. ஆகவே மனிதர்கள் ஒவ்வொரு பொறியின் முன்னும் நேரில் சென்று அமர வேண்டியதாயிற்று. இன்றியமையாத சில இயக்கிகளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு முறையில் பொறியை எழுப்பி, குற்றமுள்ள கோப்பைத் தேடி நீக்கினார்கள். வட்டு மறைகுறியிடப்பட்டிருந்த பொறிகளில், அதற்கு முன் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியையும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. எதிலே தானியக்கம் மிகுதியோ, அதிலே அது தவறும்போது கைவேலையும் மிகுதியாகிறது.

இந்நிகழ்ச்சியைக் கண்டு, தானே ஏறும் முறையே தீது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. ஜம்பர் துண்டுகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்திற்கு நாம் திரும்பிப் போக இயலாது, போகவும் வேண்டியதில்லை. நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் வேறு. தொடக்கத்திலேயே ஏறுபவை எத்துணைக் குறைவோ அத்துணை நன்று. அங்ஙனம் ஏறுபவை எவரையும் நம்பாமல், தமக்குத் தரப்படும் ஒவ்வொரு விவரத்தையும் எண்ணிச் சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும். எந்த மாற்றத்தையும் முதலில் சில பொறிகளில் இட்டுப் பார்த்த பிறகே பல பொறிகளுக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எல்லாம் தவறிய நிலையிலும் குறைந்த இயக்கிகளோடு எழுந்து நிற்கும் ஒரு பின்வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பு முறை என்ற அந்தப் பின்வாசல் மட்டும் இல்லாதிருந்தால், அந்நாளில் பட்ட இன்னல் பன்மடங்காகியிருக்கும்.

இவற்றையெல்லாம் நீங்களே நேரில் காணலாம். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ லினக்ஸ் நிறுவிய கணிப்பொறி இருந்தால், 'எல்.எஸ்.மாட்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அப்பொழுது ஏறியுள்ள கூறுகள் வரிசையாகத் தோன்றும். எது எதனைத் தாங்கி நிற்கிறது என்பதும் தெரியும். 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்ற கட்டளை, உள்ளே குடியிருப்போரின் பெயர்களைச் சொல்லும். விண்டோஸ் கணிப்பொறியாயின் டிவைஸ் மேனேஜர் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஏதேனும் ஒரு சாதனத்தின் பக்கத்தில் மஞ்சள் நிறக் குறி இருந்தால், அச்சாதனத்திலோ அதற்கு உரிய இயக்கியிலோ ஏதோ குறை இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். ஒன்றை நான் வற்புறுத்திக் கூறுவேன்: பார்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை, மாற்றுவதற்கு முன் மட்டும் உங்கள் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டல், அட்டவணையில் பொருத்துதல், சார்பறிந்து வரிசைப்படி ஏற்றுதல், நம்பத் தகுந்ததா என்று சோதித்தல், தவறினால் எழுந்து நிற்க வழி வைத்தல் ஆகிய இவ்வைந்தும் சேர்ந்ததே கணிப்பொறி விழித்தெழும் கலை. இவற்றுள் எதுவும் மந்திரம் அன்று. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பொறியியலாளர், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தொல்லையைத் தீர்ப்பதற்காக எண்ணிக் கண்ட வழி. இன்னும் தீராத தொல்லைகளும் பல உள. அவற்றைத் தீர்க்கும் பணி இன்று படிக்கும் உங்கள் தலைமுறைக்கே காத்திருக்கிறது.